துடைப்பம் யார் பொறுப்பு?

1983 அக்டோபர் 6ஆம் தேதியிட்ட கடிதம் ஒன்று பிரிட்டனில் சுகாதாரத்தைக் கவனித்துவந்த அமைச்சர் நார்மன் ஃபௌலரிடம் போய்ச் சேர்ந்தது. எழுதியவர் ராய் கிரிஃபித்ஸ். அவர் மருத்துவர் அல்லர், அரசு அதிகாரியும் அல்லர். நாடெங்கும் மளிகைப் பேரங்காடிகள் நடத்திவந்த செயின்ஸ்பரி நிறுவனத்தின் மேலாண் இயக்குநர். தேசிய சுகாதாரச் சேவையின் நிர்வாகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று தாட்சர் அரசு அவரைக் கேட்டிருந்தது. இருபத்துச் சொச்சம் பக்கங்களில் பதில் எழுதினார். ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் இன்று விளக்கோடு இந்தச் சேவையின் தாழ்வாரங்களில் நடந்தால், இங்கே பொறுப்பாளர் யார் என்று தேடித்தான் அலைவார் என்ற பொருளில் அதில் ஒரு வாக்கியம் வருகிறது. பத்திரிகைகள் அதைப் பிடித்துக்கொண்டன.

செவிலியர்களுக்கு அது சுருக்கென்று தைத்தது. தைத்ததற்குக் காரணம் உண்டு. கிரிஃபித்ஸுடன் ஆய்வில் உட்கார்ந்த மற்ற மூவர் பிஸ்கட் நிறுவனம், தொலைக்காட்சி நிறுவனம், தொலைபேசி நிறுவனம் ஆகியவற்றிலிருந்து வந்தவர்கள். நால்வரில் ஒருவர்கூடச் செவிலியர் இல்லை. செவிலியரின் மூதாட்டி பெயரைச் சொல்லியே செவிலியரை நிர்வாக மேசையிலிருந்து எழுப்பிவிட்ட அறிக்கை அது. இத்தனைக்கும் இருபது ஆண்டுகளுக்கு முன்புவரை பிரிட்டிஷ் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் பொறுப்பாளரை யாரும் தேட வேண்டியிருக்கவில்லை. நடந்து வருகிறவர் செவிலியர் தலைவியான மேட்ரன் என்பது கடைசிப் படுக்கையில் இருக்கும் நோயாளிக்குக்கூடத் தெரியும்.

மேட்ரன் பதவியை நைட்டிங்கேல் கண்டுபிடிக்கவில்லை. அவருக்கு முன்பே லண்டன் மருத்துவமனைகளில் மேட்ரன்கள் இருந்தார்கள். துணி எண்ணுவது, வேலைக்காரப் பெண்களை அமர்த்துவது, வீட்டு நிர்வாகம் போலச் செலவுக் கணக்குப் பார்ப்பது அவர்கள் வேலை. நோயாளியின் படுக்கையருகே நடப்பது மருத்துவருக்கும் வார்டு சிஸ்டர் எனப்படும் வார்டுப் பொறுப்புச் செவிலியருக்கும் இடையிலான விஷயம். 1854 நவம்பரில் 38 பெண்களோடு ஸ்குட்டாரி ராணுவ மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்த நைட்டிங்கேலைப் பாடப்புத்தகம் விளக்கோடு மட்டுமே காட்டுகிறது. அங்கே அவர் செய்த வேலையில் பெரும்பகுதி பண்டசாலைக்காரர் வேலை. சட்டை, போர்வை, தேய்க்கும் பிரஷ், சோப்பு வாங்கினார். தனி வீடு பிடித்துக் கொப்பரை வைத்துச் சலவைச்சாலை நடத்தினார். சமையலறையை ஒழுங்குபடுத்தினார். பொருளும் ஆளும் தன் கையில் இல்லாதவர் நோயாளியைக் காப்பாற்ற முடியாது என்று அங்கே கற்றுக்கொண்டார். பின்னாளில் செவிலியம் பற்றி அவர் எழுதிய புத்தகத்தில் நிர்வாகத்துக்கென்றே ஒரு அத்தியாயம் ஒதுக்கினார். நீங்கள் இருக்கும்போது நடப்பது நீங்கள் இல்லாதபோதும் நடக்கும்படி ஏற்பாடு செய்வதுதான் பொறுப்பு என்பது அதன் சாரம்.

1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரிலான நிதியைக்கொண்டு செவிலியர் பள்ளி தொடங்கியது. நடத்தியவர் அங்கே ஏற்கெனவே மேட்ரனாக இருந்த சாரா வார்டுரோப்பர். மருத்துவர் ஒருவரின் விதவை. முறையான செவிலியப் பயிற்சி எதுவும் பெறாதவர். ஆனால் ஆளை எடைபோடத் தெரிந்தவர். நைட்டிங்கேல் வகுத்த விதி எளிமையானது. சிகிச்சை என்னவென்று மருத்துவர் சொல்லட்டும். செவிலியரை அமர்த்துவது, இடம் மாற்றுவது, கண்டிப்பது, வெளியேற்றுவது எல்லாம் பயிற்சி பெற்ற ஒரு பெண்ணின் கையில்தான் இருக்க வேண்டும். பாதிரியாருக்கோ பொருளாளருக்கோ மருத்துவருக்கோ அதில் பங்கில்லை. பெண்களுக்கு ஓட்டுரிமை இல்லாத காலம் அது. மணமான பெண் தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்வதே சிக்கலாக இருந்த காலம். அப்போது நூற்றுக்கணக்கான ஆட்களை ஒரு பெண் ஆள வேண்டும் என்று கேட்டது சின்ன விஷயமில்லை.

இந்த விதி ஏழைகளுக்கான பொது மருத்துவமனையில் எடுபடுமா என்ற சோதனை லிவர்பூலில் நடந்தது. அன்றைய இங்கிலாந்தில் கதியற்றவர்களை வரிப்பணத்தில் அடைத்து வைத்த விடுதிகளுக்கு வொர்க்ஹவுஸ் என்று பெயர். லிவர்பூல் பிரவுன்லோ ஹில் வொர்க்ஹவுஸின் நோயாளர் பகுதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கிடந்தார்கள். அவர்களைப் பார்த்துக்கொண்டவர்களும் அதே விடுதியில் அடைபட்டிருந்த ஏழைப் பெண்கள்தான். நகரத்து வணிகர் வில்லியம் ராத்போன் செலவை ஏற்றார். 1865இல் செயின்ட் தாமஸிலிருந்து 12 செவிலியர்களுடன் ஆக்னஸ் ஜோன்ஸ் வந்து பொறுப்பேற்றார். விடுதிப் பெண்களையே சம்பளம் கொடுத்துச் செவிலியர்களாக்கிவிடலாம் என்று முயன்றார். சம்பளப் பணம் குடிக்குப் போனது, முயற்சி தோற்றது. விடுதிக் கண்காணிப்பாளரோடு எதற்கெடுத்தாலும் உரசல். இவர் மேட்ரனா, தன் ஊழியரா என்பதே அந்த மனிதருக்கு விளங்கவில்லை. 1868 பிப்ரவரியில் டைஃபஸ் காய்ச்சல் கண்டு ஆக்னஸ் ஜோன்ஸ் இறந்தார். வயது 35. நைட்டிங்கேல் அவரைப் பற்றி உருக்கமாக ஒரு கட்டுரை எழுதினார். தியாகப் பெண்ணாகவே உலகம் ஆக்னஸ் ஜோன்ஸை நினைவில் வைத்துக்கொண்டது. வரிப்பணத்தில் நடந்த நிறுவனமொன்றில் அதிகார எல்லைக்காக மூன்று ஆண்டுகள் மல்லுக்கட்டிய நிர்வாகி அந்த உருக்கத்தில் மறைந்துபோனார்.

நன்கொடையில் நடந்த பெரிய மருத்துவமனைகளிலும் மருத்துவர்கள் சும்மா விட்டுக்கொடுக்கவில்லை. 1879இல் லண்டன் கைஸ் மருத்துவமனைக்கு மார்கரெட் பர்ட் மேட்ரனாக வந்தார். ஒரே வார்டில் காலங்காலமாக இருந்த செவிலியர்களை வார்டு வார்டாக மாற்றத் தொடங்கினார். தங்கள் வார்டு, தங்கள் சிஸ்டர் என்று பழகிய மருத்துவர்கள் பொங்கி எழுந்தார்கள். பத்திரிகைகளில் கடிதப் போர் மூண்டது. மருத்துவமனைப் பொருளாளர் மேட்ரன் பக்கம் நின்றார். ஆள் மாற்றும் உரிமை யாருடையது என்பதுதான் அத்தனை சண்டைக்கும் வேர்.

அடுத்த தலைமுறை மேட்ரன்கள் இளம் வயதிலேயே கோலோச்சினார்கள். ஈவா லூக்ஸ் 1880இல் லண்டன் ஹாஸ்பிட்டல் மேட்ரனானபோது வயது 26. 1919இல் இறக்கும்வரை அந்தப் பதவியை விடவில்லை. பெல்ஜியத்தில் ஜெர்மானியரால் சுட்டுக்கொல்லப்பட்ட எடித் கேவல் அவரிடம் பயின்றவர். செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனைக்கு 1881இல் மேட்ரனான எதெல் மேன்சனுக்கு வயது 24. 1887இல் மருத்துவர் பெட்ஃபோர்ட் ஃபென்விக்கை மணந்ததும் வேலையை விட வேண்டியிருந்தது. மணமான பெண்ணுக்கு மேட்ரன் நாற்காலி இல்லை. வெளியே வந்தவர் சும்மா இருக்கவில்லை. செவிலியருக்கு அரசுப் பதிவேடு வேண்டும் என்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் போராடினார். எதிர்த்தவர்களில் நைட்டிங்கேலும் லூக்ஸும் முதல் வரிசை. ஒரு செவிலியரின் தகுதியை அவருடைய மேட்ரனைவிட அரசுத் தேர்வு நன்றாக அளந்துவிடுமா என்பது அவர்கள் கேள்வி. 1919 டிசம்பரில் பதிவுச் சட்டம் வந்தது. பதிவேட்டின் முதல் பெயர் எதெல் பெட்ஃபோர்ட் ஃபென்விக்குடையது. இரு தரப்பிலும் மேட்ரன்கள் இருந்ததைக் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்து செவிலிய அரசியல் என்பதே மேட்ரன்களின் அரசியல்தான்.

1948 ஜூலை 5ஆம் தேதி தேசிய சுகாதாரச் சேவை பிறந்தது. நன்கொடை மருத்துவமனைகளும் பழைய வொர்க்ஹவுஸ் வழிவந்த நகராட்சி மருத்துவமனைகளும் ஒரே குடையின் கீழ் வந்தன. இரண்டிலும் மேட்ரன் இருந்தார், ஆனால் ஒரே மேட்ரன் இல்லை. நகராட்சி மருத்துவமனையில் மருத்துவக் கண்காணிப்பாளர்தான் ராஜா. மேட்ரன் அவருக்கு அடங்கியவர். நன்கொடை மருத்துவமனை மேட்ரனோ நேராக நிர்வாகக் குழுவிடம் பேசுவார். 1954இல் பிராட்பீர் குழு, மருத்துவர், மேட்ரன், நிர்வாக அலுவலர் என்ற மூன்று தூண்களும் சமம் என்று எழுதி வைத்தது.

எழுத்தில் சமம். நடைமுறையில் ஒரு ஓட்டை இருந்தது. புதிய சேவையில் பல மருத்துவமனைகளைச் சேர்த்து ஒரு குழுமம் ஆக்கியிருந்தார்கள். நிர்வாக அலுவலருக்கு மேலே குழுமம் முழுவதுக்கும் ஒரு செயலர் இருந்தார். மேட்ரனுக்கு மேலே யாரும் இல்லை. பணம் பங்கிடும் கூட்டத்தில் செயலர் உட்கார்ந்திருப்பார். தன் மருத்துவமனையில் மகாராணியாக வலம்வந்த மேட்ரனுக்கு அந்தக் கூட்டத்தில் நாற்காலி கிடையாது.

இந்த ஓட்டையை அடைக்க 1963இல் ஒரு குழு போட்டார்கள். போட்ட அமைச்சர் ஈனக் பவல். தலைவர் பிரையன் சால்மன், ஜே. லயன்ஸ் நிறுவனத்தின் இயக்குநர்களில் ஒருவர். லயன்ஸ் என்றால் லண்டன்காரர்களுக்குத் தேநீர்க் கடை. நிர்வாகத்தில் அசகாய சூரர்கள். கடைக்கணக்குப் பார்க்க 1951லேயே சொந்தமாகக் கணினி கட்டியவர்கள். 1966இல் வந்த சால்மன் அறிக்கை செவிலியத்தை ஒரு தொழில் நிறுவனம் போலப் படிநிலைகளாக அடுக்கியது. கீழே 5ஆம் தரம் ஸ்டாஃப் நர்ஸ், 6 வார்டு சிஸ்டர், 7 நர்சிங் ஆஃபீசர், அப்படியே ஏறி 10ஆம் தரத்தில் குழுமம் முழுவதுக்கும் தலைமைச் செவிலிய அதிகாரி. முதல்நிலை, இடைநிலை, உயர்நிலை மேலாண்மை என்று பாகுபாடு. அதற்கென்று பயிற்சி வகுப்புகள். மேட்ரன் என்ற பதவிப் பெயர் போனது. சோதனை முயற்சிகளின் முடிவு தெரிவதற்குள் நாடெங்கும் அமல்படுத்தினார்கள்.

சால்மனைத் திட்டுவது எளிது, பலரும் திட்டியிருக்கிறார்கள். நியாயமாகப் பார்த்தால் அவர் கொடுத்ததும் கொஞ்சமில்லை. மருத்துவமனை வளாகத்திலேயே வாழ்ந்து மடியும் மணமாகாத பெண்ணுக்குத்தான் தலைமை என்ற நூற்றாண்டு வழக்கம் உடைந்தது. மணமானவர்களும் ஆண்களும் மேலே வர வழி கிடைத்தது. ஆண்கள் அதை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார்கள். செவிலியரில் சிறு பகுதியாக இருந்த அவர்கள், உயர் பதவிகளில் தங்கள் எண்ணிக்கைக்குச் சம்பந்தமில்லாத அளவு இடம் பிடித்தார்கள். பெண்களின் ஆட்சி என்று உலகில் விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களே இருந்தன. அவற்றில் ஒன்றுக்கு நவீன மேலாண்மை என்ற பெயரில் கதவு திறந்ததும் முதலில் ஓடி வந்தவர்கள் ஆண்கள்.

ஏணியின் அடியில் வேறொரு கதை. செவிலியத்தில் அப்போது இரண்டு வழிகள். மூன்று ஆண்டு படித்தால் பதிவுபெற்ற செவிலியர்; இரண்டு ஆண்டு படித்தால் என்ரோல்டு நர்ஸ். இரண்டாவது வழியில் போனவர் வார்டு சிஸ்டர்கூட ஆக முடியாது. கரீபியன் தீவுகளிலிருந்தும் மற்ற காலனி நாடுகளிலிருந்தும் வந்த பெண்களில் பலரை, வேறுபாட்டை விளக்காமலே, இந்த இரண்டாவது வழியில் சேர்த்தார்கள். ஊர் திரும்பினால் அந்தத் தகுதிக்கு அங்கே மதிப்பில்லை என்பது பின்னால்தான் பலருக்குத் தெரிந்தது. சால்மன் ஏணியை அண்ணாந்து பார்த்தபடியே அவர்கள் இரவு ஷிஃப்ட் பார்த்து ஓய்வு பெற்றார்கள். அந்த ஏணிக்குக் குழு அமைத்த அதே பவல்தான் 1968இல் குடியேறிகளுக்கு எதிரான பேச்சால் பெயர் கெட்டவர்.

ஏணியில் இன்னொரு கோளாறு. வார்டை விட்டு வெளியேறினால்தான் சம்பளம் ஏறும். நோயாளியருகே கெட்டிக்காரியாக இருந்த சிஸ்டர், பதவி உயர்ந்ததும் அலுவலக அறைக்குப் போனார். இடைநிலை அதிகாரிகளை வார்டில் பெயர் சொல்லாமல் ‘நம்பர் செவன்’ என்று எண்ணால் குறிப்பிடுவார்கள். அடுத்த பத்தாண்டில் வார்டுக்கு நேரே மேலே இருப்பவர் யார் என்று நோயாளிக்குத் தெரியாமல் போனது. கூடவே, ஆரவாரமில்லாமல் இன்னொன்றும் நடந்தது. துப்புரவு, சலவை, சமையல் எல்லாம் செவிலியர் கையை விட்டு அந்தந்தத் துறை மேலாளர்களிடம் போயின. செவிலியர் தொழில்முறை அதிகாரி ஆகிவிட்டார், அவர் ஏன் துடைப்பத்தைப் பார்க்க வேண்டும் என்பது வாதம். உயர்வாகத்தான் சொன்னார்கள். 1972இல் ‘கேரி ஆன் மேட்ரன்’ என்ற கேலிப்படம் திரைக்கு வந்தது. ஹாட்டி ஜேக்ஸ் அதில் அதட்டி உருட்டும் மேட்ரன். திரையரங்கில் மக்கள் சிரித்துக்கொண்டிருந்த வேளையில் நிஜ மேட்ரன்கள் ஒவ்வொருவராக விடைபெற்றுக்கொண்டிருந்தார்கள்.

இருந்தும் 1974 ஏப்ரல் 1இல் நடந்த மறுசீரமைப்பில் செவிலியர் அதிகாரம் உச்சிக்குப் போனது. ஒவ்வொரு மாவட்டத்தையும் ஆறு பேர் குழு நிர்வகித்தது. நிர்வாக அலுவலர், பொருளாளர், சமூக மருத்துவர், மருத்துவமனை மருத்துவர், குடும்ப மருத்துவர், இவர்களோடு சம அந்தஸ்தில் மாவட்டச் செவிலிய அதிகாரி. எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு. ஒருவர் தலையசைக்க மறுத்தாலும் காரியம் நிற்கும். ஆயிரக்கணக்கான ஊழியரும் அவர்களுக்கான நிதியும் அந்தச் செவிலியர் பொறுப்பு. பிரிட்டிஷ் பொதுத்துறையில் இவ்வளவு பெரிய வரவுசெலவைக் கையாண்ட பெண்கள் அப்போது வேறெங்கும் அதிகமில்லை. காரியங்கள் அடிக்கடி நின்றன என்பதும் உண்மை.

அந்த நிற்றலைத்தான் கிரிஃபித்ஸ் பார்த்தார். ஆறு பேர் பொறுப்பு என்றால் யாரும் பொறுப்பில்லை என்பது அவர் முடிவு. ஒவ்வொரு நிலைக்கும் ஒரே ஒரு பொது மேலாளர். 1984 முதல் நியமனங்கள் நடந்தன. செவிலியருக்கும் விண்ணப்பிக்க உரிமை இருந்தது, கிடைத்தவர்கள் சொற்பம். தலைமைச் செவிலியர் பலர் ஆலோசகர் ஆனார்கள், அல்லது ‘தர மேலாண்மை’ என்ற புதுப் பெயரில் புகார்க் கடிதங்களைப் பார்க்கும் வேலைக்குப் போனார்கள். 1986 தொடக்கத்தில் ராயல் காலேஜ் ஆஃப் நர்சிங் சங்கம் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது. எந்த எலும்பு எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்கள் செவிலியத்தை நடத்துவதா என்று கேட்டது. கேள்வி சூடாக இருந்தது, அரசு அசையவில்லை.

கிரிஃபித்ஸ் கடிதத்துக்குச் சில வாரங்கள் முன்பு, 1983 செப்டம்பரில், இன்னொரு சுற்றறிக்கை போயிருந்தது. துப்புரவு, சலவை, சமையல் வேலைகளை டெண்டர் விடுங்கள் என்றது அது. வரலாற்றில் கிரிஃபித்ஸுக்குக் கிடைத்த இடம் அந்தச் சுற்றறிக்கைக்குக் கிடைக்கவில்லை. ஆனால் வார்டு சிஸ்டரின் நாளை மாற்றியது அதுதான். தரையில் ரத்தம் சிந்தினால் முன்பு அவர் வார்டின் துப்புரவுப் பெண்ணைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். இப்போது ஒப்பந்தத்தில் அந்த நேரத்துத் துடைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் தாமே துடைக்க வேண்டும்.

1991இல் மருத்துவமனைகள் தனித்தனி டிரஸ்டுகளாக மாறத் தொடங்கின. அவற்றின் விதிகளில், நிர்வாகக் குழு இயக்குநர்களில் ஒருவர் செவிலியராகவோ மருத்துவச்சியாகவோ இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. செவிலியருக்கு மேசையில் நாற்காலி திரும்பி வந்தது. வார்டில் அதிகாரம் வரவில்லை.

பத்தே ஆண்டில் எம்ஆர்எஸ்ஏ என்ற, மருந்துக்கு அடங்காத கிருமி மருத்துவமனைகளில் பரவியது. அழுக்குக் கழிவறைகளின் படங்கள் பத்திரிகைகளில் வந்தன. மேட்ரன் இருந்திருந்தால் இப்படி நடக்குமா என்று கிழவர்கள் கேட்டார்கள். 2000 ஜூலையில் டோனி பிளேர் அரசின் சுகாதாரத் திட்டம் மேட்ரனைத் திரும்ப அழைப்பதாக அறிவித்தது. சீருடையோடு, பல வார்டுகளுக்குப் பொறுப்பாக, நோயாளி எளிதில் அணுகக்கூடியவராக. வார்டைச் சீர்படுத்தச் சிஸ்டர் ஒவ்வொருவருக்கும் 5,000 பவுண்டு. அப்போது இங்கிலாந்தின் தலைமைச் செவிலிய அதிகாரி சாரா முல்லாலி. பின்னாளில் திருச்சபைக்குப் போய் லண்டன் ஆயரானவர், கேன்டர்பரி பேராயர் பதவிக்கும் தேர்வானவர். 2004இல் ‘மேட்ரனின் சாசனம்’ வந்தது. துப்புரவாளர் வார்டு குழுவின் ஓர் அங்கம் என்றும், துப்புரவில் செவிலியருக்கு அதிகாரம் வேண்டும் என்றும் அரசே எழுதிக்கொடுத்தது. 1860இல் யாருக்கும் எழுத்தில் தேவைப்படாத வாக்கியங்கள். 2007இல் கார்டன் பிரவுன் மேட்ரன்கள் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கி 5,000 ஆக்குவதாகச் சொன்னார். ரத்தத்தில் கலக்கும் எம்ஆர்எஸ்ஏ தொற்றை 2008க்குள் பாதியாக்குவது என்ற இலக்கு எட்டப்பட்டது. கைகழுவும் திரவம், நோயாளிகளை முன்கூட்டியே சோதிப்பது, டிரஸ்டுகள் மீதான நெருக்கடி எல்லாம் சேர்ந்த பலன் அது. புது மேட்ரனுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் பழைய மேட்ரன் ஆளை நீக்கினார், புதியவர் ஒப்பந்தக்காரரிடம் புகார் எழுதினார்.

அதே ஆண்டுகளில் ஸ்டாஃபோர்டு மருத்துவமனையில் நோயாளிகள் தண்ணீர் கேட்டும் கிடைக்காமல், அழுக்குப் படுக்கையில் கிடந்தார்கள். அங்கேயும் செவிலிய இயக்குநர் நாற்காலி இருந்தது. அந்த நிர்வாகம் பணத்தை மிச்சம் பிடிக்கச் செவிலியர் எண்ணிக்கையில் கை வைத்திருந்தது. 2013 பிப்ரவரியில் வந்த ராபர்ட் பிரான்சிஸ் விசாரணை அறிக்கை, வார்டு சிஸ்டரை ஷிஃப்ட் கணக்கில் ஓர் ஆளாகச் சேர்க்காமல் மேற்பார்வைக்கு விடுங்கள் என்று பரிந்துரைத்தது.

ஒரு வார்டுக்கு எத்தனை செவிலியர் என்பதை யார் தீர்மானிப்பது? இங்கிலாந்தில் இதற்கு வழிகாட்டுதல்கள் உண்டு, சட்டம் இல்லை. வேல்ஸ் வேறு பாதையில் போனது. கிர்ஸ்டி வில்லியம்ஸ் என்ற உறுப்பினர் கொண்டுவந்த தனிநபர் மசோதா 2016இல் சட்டமானது. 2018 ஏப்ரல் முதல் பெரியவர்களுக்கான பொது மருத்துவ, அறுவை சிகிச்சை வார்டுகளில், சுகாதார வாரியம் நியமிக்கும் ஒருவர் செவிலியர் எண்ணிக்கையைக் கணக்கிட்டாக வேண்டும். நடைமுறையில் அவர் செவிலிய இயக்குநர். நோயின் கடுமை, படுக்கைப்புண், விழுந்து அடிபடுதல், மருந்துத் தவறு ஆகியவற்றோடு தன் தொழில் அனுபவத்தையும் வைத்து அவர் எண்ணைச் சொல்வார். வாரியம் அதற்கேற்ற ஆட்களைத் தர எல்லா நியாயமான முயற்சியும் எடுக்க வேண்டும். வார்டு சிஸ்டரை அந்த எண்ணுக்குள் சேர்க்கக் கூடாது என்று வழிகாட்டுதல் சொல்கிறது. ஸ்காட்லாந்தின் இதுபோன்ற சட்டம் 2019இல் நிறைவேறி 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது.